மணிக்கு ஐந்து நிமிடம்

மூன்று அங்குலம்தான் பாக்கி. எங்கள் ஹோட்டல் ஜீப்பின் பின்சீட்டு உறையில், ஓரமாக, மூன்று அங்குலத் தையல். வெளியே ஜீப். ஹோட்டல் வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கும் புதுமணத் தம்பதி. சேலம் ஜங்ஷனில் அவர்களுக்காக ஒரு நிமிடமும் தாமதிக்கப்போவதில்லை என்று நான் நம்பிய ரயில். இத்தனைக்கும் நடுவே தையல்கடை அம்மா மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்தார். எழுந்தார். கடைக்கு வெளியே போய் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுகொண்டார்.

"ஏனுங்க, இன்னும் மூணு இஞ்சுதானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. நாந்தான தைக்கறேன்."

"ரயிலுங்க…"

"அஞ்சு நிமிசமுங்க" என்று சொல்லிவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டத் தொடங்கினார். கடைக்குள் அவரிடம் வேலை பார்த்த நான்கு கிளியூர்ப் பெண்களும் அதேபோல் எழுந்து நின்று கையை உதறிக்கொண்டிருந்தார்கள். ஐவரும் ஏதோ பூசைக்கு நிற்பது போலவும், நான் செருப்போடு உள்ளே வந்துவிட்டது போலவும் எனக்குத் தோன்றியது.

ரயில் அன்று முக்கால் மணி தாமதம். இந்திய ரயில்வே அந்த அம்மாவின் கட்சி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் அப்போது ஏற்காட்டில் ஒரு ஹோட்டலுக்கு மேனேஜர். மேனேஜர் என்பது மேசைமேல் இருந்த பலகையில் எழுதியிருந்தது. வேலை என்று பார்த்தால் வெந்நீர் வரவில்லை என்பவரிடம் வரும் என்று சொல்வதும், பனி எப்போது விலகும் என்பவரிடம் மதியம் என்று சொல்வதும்தான். இரண்டும் எனக்குத் தெரியாது. மற்ற நேரத்தில் புத்தகம் படிப்பேன். நிறையப் படித்தவன் என்று பெயர் வாங்கியிருந்ததால் ஒண்டிக்கடை முக்குப் பக்கத்தில் யாருக்கு மனு எழுதவேண்டியிருந்தாலும் என்னிடம் வருவார்கள். இந்தப் பெயர் பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் அந்தத் தையல்கடை அம்மாவை ஜெர்மன்காரம்மா என்பார்கள். பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். கன்னியாஸ்திரீகள் படிக்கவைத்து, பதினெட்டு வயதில் நர்ஸ் வேலை பழக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். போன பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும் என்பது தெரிந்தது. நோயாளியைவிட நர்ஸுக்கு அதிகம் மருந்து செலவாகிறது என்று ஆஸ்பத்திரி கைகழுவியதும், பக்கத்து அறைத் துருக்கிக்காரி ஒருத்தி கார்த் தொழிற்சாலையில் சீட் உறை தைக்கும் கூடத்துக்கு அழைத்துப்போனாள். பதின்மூன்று வருடம் அங்கே. பிறகு ஒரு கனத்த தையல் மிஷினையும் ஒரு கம்பளிக் கோட்டையும் கொண்டு ஊர் திரும்பி, எஸ்டேட் ஜீப்புகளுக்கும் டாக்ஸிகளுக்கும் சீட் உறை தைக்கிற கடை போட்டார்.

ஒண்டிக்கடை டீக்கடையில் அவரிடம் ஜெர்மனிக் கதை கேட்பது ஒரு பொழுதுபோக்கு. வருடத்தில் ஐந்தாறு வாரம் சம்பளத்தோடு லீவு என்பார். டீக்கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். லீவுக்குப் போகிறவர்களுக்குச் செலவுக்கென்று தனியாக வேறு பணம் தருவார்கள் என்றதும் அவருக்குப் பொறுக்காது.

"ஏனுங்கக்கா, சும்மா இருக்கறதுக்குச் சம்பளம். சும்மா இருக்கப் போறதுக்குப் பஸ் சார்ஜா? அப்ப காரை ஆருதான் செய்யறாங்க?"

"நாங்கதான் செஞ்சோமுங்க."

"எப்ப?"

"மிச்ச நேரத்துல."

சிரிப்பு அடங்கிய பிறகு மற்றதையும் சொல்வார். ஓர் அறையில் ஆறு பேர் படுத்தது. பசை நெடியில் சோறு மணக்காமல் போனது. ஊசி விரலுக்குள் இறங்கி நகத்தோடு நின்றது. பெண்கள் செய்வதெல்லாம் லேசான வேலை என்று ஒரு வகை பிரித்து ஆண்களைவிடக் குறைத்துச் சம்பளம் கொடுத்தது. இவையெல்லாம் டீக்கடைக்கு உடனே நம்பும்படியாக இருக்கும். "அப்பிடிச் சொல்லுங்க" என்று டீக்கடைக்காரர் நிம்மதியாகக் கிளாஸைக் கழுவப் போய்விடுவார்.

மணிக்கு ஐந்து நிமிட ஓய்வு அங்கே அவர்கள் கேட்டு வாங்கியது. வேலையை நிறுத்திவிட்டு, துருக்கிக்காரி, இத்தாலிக்காரி, உள்ளூர்க்காரி என்று எல்லோரும் தொழிற்சாலை வாசலில் நின்றிருக்கிறார்கள். என் மேனேஜர் பாஷையில் நான் ஒருமுறை, "அதுதான் ஜெர்மனியோட முடிஞ்சு போச்சே, இங்க உங்க கடைக்கு நீங்களே முதலாளி, யாருக்கு எதிரா நிக்கறீங்க?" என்று கேட்டேன். புத்திசாலித்தனமாகக் கேட்டதாக எனக்கு நினைப்பு.

"எனக்கு எதிராத்தானுங்க" என்றார். "முதலாளின்னு ஆயிட்டா எனக்கும் ஆசை வருமில்லீங்க?"

பள்ளிகள் திறக்கிற ஜூனிலும், கோடை விழாவில் டாக்ஸிகள் வரிசை கட்டுகிற மே மாதத்திலும் அவர் ஐந்து மணிக்குக் கடையைச் சாத்துவார். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர்கள் கத்திப் பார்த்திருக்கிறார்கள். கெஞ்சியும் பார்த்திருக்கிறார்கள். "நாளைக்கு வாங்க" என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்ததில்லை. அப்படியும் எல்லோரும் அவரிடமே போனார்கள். அவர் தைத்த உறை ஜீப் போன பிறகும் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஹோட்டல் முதலாளிக்கு ஏற்றுமதி ஆசை வந்தது. அப்போது எல்லோருக்கும் வந்தது. ஜெர்மனியில் கார்களுக்குச் சீட் உறை தைத்துத் தரும் ஒரு கம்பெனி, கூலி கட்டுப்படியாகாமல் வெளிநாட்டில் இடம் தேடுகிறது என்று யாரோ சொல்ல, இவர் மலையடிவாரத்தில் ஷெட் போட இடம் பார்த்துவிட்டார். கம்பெனியிலிருந்து ஓர் இளம் என்ஜினீயர் வந்து எங்கள் ஹோட்டலில் தங்கினார். நல்ல மனிதர். இட்லி வைக்கிறவருக்குக்கூட நாற்காலியைவிட்டு எழுந்து நன்றி சொல்வார். இட்லி ஆறிவிடும்.

மொழிபெயர்க்க ஜெர்மன்காரம்மாவை அழைத்துவந்தது நான்தான். தைத்துக் காட்ட அவருடைய நான்கு பெண்கள். ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கி மிஷின்களைப் போட்டோம்.

அந்த அம்மா ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. கண் மங்கிக்கொண்டு வந்தது. கடை இன்னும் சில வருடம்தான் ஓடும். ஷெட் வந்தால் நாலு பேருக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உள்ள வேலை. ஆனால் வேலை எந்த வேகத்தில் என்பது, ஓர் உறையை அவர்கள் எத்தனை நிமிடத்தில் தைத்துக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. என்ஜினீயர் ஸ்டாப்வாட்ச் கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் கடையைச் சாத்தும்போது அந்த அம்மா பெண்களிடம் சொல்லியிருக்கிறார். நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

"அவரு கடிகாரத்தை அமுக்குனதும் கை மெதுவாப் போகோணும், கண்ணு. நாளைக்கு ஒரு நாள் ஓடிக் காட்டுனீங்கன்னா, அப்பறம் ஆயுசுக்கும் தினமும் அதே ஓட்டம் ஓடோணும். அங்க ஜெர்மனில கடிகாரக்காரன் வந்தா அல்லாருக்கும் கை வலி வந்துரும். தெரிஞ்சுக்கங்க."

பெண்கள் சரி என்றிருக்கிறார்கள்.

மறுநாள் காலை, அந்த அம்மா தாழ்வாரத்தில் முதலாளிக்கும் என்ஜினீயருக்கும் நடுவே நின்று தோலின் தரத்தைப் பற்றி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, நான் உள்ளே பெண்களிடம் போனேன். என்னை யாரும் அனுப்பவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். யாருமே அனுப்பவில்லை.

"ஏனுங்க, அவ்வளவு தூரத்துல இருந்து நம்ம ஊட்டுக்கு வந்திருக்கற மனுசன். அவரு முன்னால தூங்கி வழிஞ்சுறாதீங்க. மலைக்கே பேருங்க. கொஞ்சம் வேகமாக் காட்டுங்க" என்றேன்.

வாழ்நாள் முழுக்க விருந்தாளியைச் சந்தோசப்படுத்திச் சம்பளம் வாங்கியவன் வேறு என்ன சொல்வான்? அவர்களும் கிளியூர்க்காரர்கள். வீட்டுக்கு வந்தவனுக்கு இருக்கிற அரிசி முழுவதையும் உலையில் போடுகிறவர்கள். நால்வரில் இளையவளான ராசாத்தி மற்றவர்களைப் பார்த்தாள். "அதானுங்களே. வந்தவிய முன்னால எப்பிடிங்க்கா மொடங்கி உக்கார்றது?" என்றாள்.

என்ஜினீயர் வந்தார். அமுக்கினார்.

அவர்கள் தைத்த வேகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் இல்லை. நான்கு மிஷின்களும் மழை தகரத்தில் விழுவது போல இரைந்தன. முதல் மடிப்பு முடிவதற்குள் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. தமிழில் ஒன்றும் சொல்லமுடியாது, பக்கத்தில் முதலாளி. இருமினார். மறுபடி இருமினார். ராசாத்தி, அக்கா உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் குனிந்தாள். மேசை ஓரத்திலிருந்த கத்தரிக்கோலைத் தட்டிவிட்டார். ராசாத்தி ஒரு கையால் தைத்தபடியே மறு கையால் அதை எடுத்து மேலே வைத்தாள். நான், வெட்கத்தோடு சொல்கிறேன், கைதட்டினேன்.

முடிந்தது. என்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்தார், உதறினார், திரும்பப் பார்த்தார். அந்த அம்மாவிடம் நெடுநேரம் பேசினார். அந்த அம்மா ஏதோ கேட்டார். என்ஜினீயர் பதில் சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் முதலாளி.

"நல்லாத் தைக்கறாங்களாமுங்க."

பிறகு அந்த அம்மா சமையலறைப் பக்கம் வந்து, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "ஆரு சொன்னது அவங்ககிட்ட?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று தெரியாதவன்போல நின்றேன். பின்னாலேயே வந்த ராசாத்தி, "மேனேஜர் ஐயாதானுங்க்கா, வந்தவருக்கு மரியாதைன்னாங்க" என்றாள் பெருமையாக.

அவர் என்னைத் திட்டவில்லை. "அவரு என்ன சொன்னாரு தெரியுமுங்களா?" என்றார். "எங்க கூடத்துல ஆகறதைவிட நொம்பக் கம்மி நேரம்னாரு. எந்தக் கூடம்னு கேட்டேன். சொன்னாரு. அதுல சன்னல்ல இருந்து மூணாவது மிஷின் என்னோடதுங்க."

"நீங்க சொல்லலீங்களா?"

"சொன்னேனுங்க. நொம்ப சந்தோசப்பட்டாரு. அப்ப பழக்கிக் குடுக்கறதுக்கு அங்கிருந்து ஆள் அனுப்ப வேண்டியதில்லைன்னாரு. அந்தக் கூடத்தை மூடறாங்களாம். என்கூட இருந்தவங்க இன்னும் பாதிப் பேரு அங்கதானுங்க இருக்கறாங்க."

ஓர் ஊரின் ஒரு கூடத்தை, நான் அதைப் பார்த்ததுகூட இல்லை, என் உபசாரத்தால் மூடியிருக்கிறேன் என்றால் எப்படி இருக்கும்? இல்லை, எப்படியும் மூடித்தான் இருப்பார்கள் என்று பிறகு எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையாகவும் இருக்கலாம். கைதட்டியதற்குத்தான் சமாதானம் கிடைக்கவில்லை.

ஷெட் வந்தது. தினமும் காலை பஸ் கிளியூரிலிருந்தும் தலைச்சோலையிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். அந்த அம்மா கடையை மூடினார். சூப்பர்வைசர் வேலை கொடுத்தார்கள், மாட்டேன் என்றார். லைனில் ஒரு மிஷின் கேட்டு வாங்கிக்கொண்டார். ஷெட்டில் முழு உறையையும் ஒருத்தி தைப்பதில்லை. ஒருத்தி ஒரு மடிப்பு, அடுத்தவள் அடுத்த மடிப்பு என்று கைமாறிப் போகும். பதினொரு பேர் லைன். இவர் நடுவில். மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நிற்பார். இவருக்கு முன்னால் துணி குவியும், பின்னால் ஐந்து பேர் கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். கேட்காமலே அத்தனை பேருக்கும் ஓய்வு. ஜெர்மனியிலிருந்து போன் வந்தால் பேச இவரை விட்டால் ஆள் கிடையாது என்பதால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பல்லைக் கடிப்பதைவிட நல்ல வழி அவருக்கு நாலு மாதத்தில் கிடைத்தது. குறித்த எண்ணிக்கைக்கு மேல் தைக்கும் லைனுக்கு ஊக்கத்தொகை என்று அறிவித்தார். எல்லா லைனுக்கும் கிடைத்தது, ஒன்றைத் தவிர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லைனின் பத்துப் பெண்களும் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள்.

"ஒரு லெட்டர் எழுதோணுமுங்க" என்றாள் ராசாத்தி. "அக்காளை வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி. அக்கா மேல ஒண்ணும் கோவமில்லீங்க. என்ற தம்பிக்குக் காலேஜு பீஸு கட்டோணும். இவங்க ஊட்டுல கல்யாணம். அக்காளுக்கென்னங்க, தனியாளு."

மறுத்திருக்கலாம். கூட்டமாக வந்து கெஞ்சினால் எனக்கு உடனே எழுத்து நடை நன்றாக வந்துவிடும். 'மூத்த தொழிலாளி அவர்களின் உடல்நலனை முன்னிட்டு, அன்னாரை இலகுவான பணிக்கு மாற்றித் தருமாறு' என்று எழுதினேன். பத்துக் கையெழுத்து.

மறுவாரம் அவரை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அன்று சாயங்காலமே ஹோட்டலுக்கு வந்தார். முதலாளி மனுவைக் காட்டியிருக்கிறார். அவருக்கு என் நடை தெரியும்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். "லேசான வேலைன்னு. அங்க எங்களுக்கு அதுக்குத்தானுங்க சம்பளத்தைக் கம்மி பண்ணுனாங்க. இங்கயும் பண்ணிட்டாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"உடுங்க. பத்துப் பேரும் ஒண்ணா உக்காந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க பாருங்க. அங்கயும் எங்க மொதல் மனு இப்பிடித்தானுங்க. எங்களுக்குள்ளயே மெதுவாத் தைக்கற ஒரு இத்தாலிக்காரியை மாத்தச் சொல்லி. நானும் போட்டேன். ரெண்டாவது மனுதான் ஓய்வு கேட்டு மேல போச்சு. இவங்களும் ரெண்டாவதுக்கு வருவாங்க. அப்ப மாட்டேன்னு சொல்லிப்போடாதீங்க."

இரண்டு வருடம் கழித்து வந்தார்கள்.

அதற்குள் ராசாத்தியின் வலது மணிக்கட்டில் வலிக்கு ஒரு துணிப்பட்டி ஏறியிருந்தது. தம்பி காலேஜ் முடித்துவிட்டான். வேலையில்லை. இந்தமுறை பதினொரு பேர், அந்த அம்மாவும் கூட. சங்கம் வைக்கிற மனு, ஓய்வு கேட்கிற மனு என்று நான் காகிதத்தை எடுத்து, முதல் வரியைக்கூட மனதுக்குள் ஜோடித்துவிட்டேன். முந்தினதற்குப் பிராயச்சித்தமாக இதை உறைக்கும்படி எழுதுவது என்று தீர்மானம்.

ராசாத்தி சொன்னாள். "ஷெட்டை மூடறாங்களாமுங்க. இதைவிடக் கம்மிக்கு இன்னொரு தேசத்துல தெச்சுக் குடுக்கறாங்களாம். அன்னிக்கு வந்த ஜெர்மன் துரைக்கு எழுதோணும். தினமும் ஒரு மணி நேரம் கூலியில்லாம சேத்துத் தைக்கறோம். சாப்பாட்டு நேரத்துல பாதி போதும். போனஸு வேண்டாம். மூட வேண்டாம்னு மட்டும் எழுதுங்க."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் தமிழில் எழுதினேன். நடையெல்லாம் வரவில்லை. அவர் ஹோட்டல் காகிதத்தில் அதை ஜெர்மனில் எழுதினார். மெதுவாக, கண்ணுக்கு மிக அருகே வைத்து. அவர்கள் வெளியே போனதும், "கொஞ்சம் மாத்தி எழுதியிருப்பீங்களே?" என்று ஆசையோடு கேட்டேன்.

"இல்லீங்க" என்றார். "கையெழுத்து அவங்களுது."

பதில் மூன்று வாரத்தில் வந்தது. ஹோட்டல் முகவரிக்குத்தான் வந்தது, எங்கள் காகிதத்தில் எழுதியதால். என் மேசையருகே எல்லோரும் நிற்க, அந்த அம்மா படித்துச் சொன்னார். அவருடைய வழக்கப்படி ஒரு வரி படித்து ஒரு வரி தமிழ். என்ஜினீயர் நெகிழ்ந்துபோயிருந்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனே. முடிவு தன் கையில் இல்லை என்று வருந்தியிருந்தார். அடுத்த வரியைப் படித்துவிட்டு அந்த அம்மா தமிழ் சொல்லவில்லை.

"என்னங்க்கா?"

காகிதத்தைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார்.

"இதே மாதிரி ஒரு லெட்டர் அவருக்கு முன்னயே வந்துச்சாம் கண்ணு. பழைய கூடத்துப் பொம்பளைங்க எழுதுனது. சம்பளத்தைக் கொறைச்சுக்கறோம், கூட நேரம் வேலை செய்யறோம், மூட வேண்டாம்னு. ஏறக்குறைய இதே வார்த்தைன்னு எழுதியிருக்கறாரு."

வரவேற்பறையில் யாரோ வெந்நீர் வரவில்லை என்று மணியை அடித்தார்கள். நான் போகவில்லை.

"ஆருங்க்கா அவங்க?" என்றாள் ராசாத்தி.

"என்ற கூட வேலை செஞ்சவங்க."

"அவங்களுக்கு என்னங்க்கா பதில் வந்துச்சு?"

அந்த அம்மா அவளுடைய பட்டி கட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாமதான் சாமி வந்தோம்."